வீரமாமுனிவரும் தேவமாதாவின் தமிழ்க்கோலமும்

மாலைப்பொழுதிலே திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கு நோக்குவார்க்குக் காவிரியும், அதற்கப்பால் தென்னஞ்சோலைகளிடையே திருவரங்கமும், 1987-ஆம் ஆண்டில் முற்றுவிக்கப்பெற்ற 13 நிலை இராசகோபுரமும் தோன்றும். அப்படியே கண்ணைத் தாழ்த்தி அடிவாரத்தை நோக்கின், தெப்பக்குளத்தின் அருகே லூர்து அன்னை கோவிலின் கூர்முகடு ஊசிபோல் எழுந்து நிற்கும். ஒன்று அடியகன்று, எண்ணிறந்த உருவங்களைச் சுமந்து, படிப்படியாக ஒடுங்கி ஏறுவது. மற்றொன்று ஒரே வீச்சில் விண்ணை நோக்கிப் பாய்வது. இரண்டும் இந்நகரினவே. எனினும் முன்னது இம்மண்ணில் முளைத்ததென்றும், பின்னது பிரெஞ்சு நாட்டு லூர்து நகர்க் கோவிலைப் பார்த்து எழுப்பப்பெற்றதென்றும் எவரும் கண்டவுடனே சொல்லிவிடுவர்.

சென்ற ஆண்டு விடுதியில் ஓரிரவு இதுபற்றி எம்முள் ஒரு வழக்கு எழுந்தது. கிறித்தவக் கோவில் தமிழ்நாட்டில் எவ்வுருவில் இருத்தல் வேண்டும்? கூர்வளைவும் நிறக்கண்ணாடிச் சன்னலும் நமக்கு அயல் என்றார் ஒருவர். நூறாண்டுக்கு மேலாக நம் முன்னோர் முழந்தாளிட்டுத் தொழுத இடம் எங்ஙனம் அயலாகும் என்றார் மற்றொருவர். விளக்கணைக்கும் மணி அடித்த பின்னும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எமக்கு அப்பொழுது நினைவில் எழுந்தவர், இவ்வினாவிற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தம் கையால் ஒரு விடை தந்து சென்ற வீரமாமுனிவர். புலவர் என்றும், இலக்கண ஆசிரியர் என்றும், அகராதியின் தந்தை என்றும் அவரைப்பற்றிப் பலரும் பலகால் எழுதியுள்ளனர், இம்மலரிலும் எழுதியிருப்பர். கோவில் எடுத்தவர், தேவமாதாவுக்குத் தமிழ்க்கோலம் புனைந்தவர் என்னும் முறையில் அவர் வாழ்க்கையை ஈண்டுச் சொல்ல விழைகின்றோம்.

இத்தாலி நாட்டில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். அவருடைய இயற்பெயர் கான்ஸ்டன்சோ ஜியுசெப்பே பெஸ்கி. அவ்வூர் நம்மவர்க்கு வேறொரு வகையில் அறிமுகமானதே. இளைஞர்க்குப் பாதுகாவலராகப் போற்றப்பெறும் அர்ச். ஞானப்பிரகாசியார் 1568-இல் பிறந்ததும் அவ்வூரிலேதான். பெஸ்கி வளர்ந்த காலத்து இத்தாலியக் கோவில்கள் பளிங்கும் பொன்னும் முறுக்குத் தூண்களும் நிறைந்தவை. விதானம் முழுவதும் வானம் திறந்ததுபோல ஓவியம் தீட்டுவது அக்காலத்து வழக்கம். 1698-இல் சேசு சபையிற் சேர்ந்து, இரவென்னா, பொலோஞா முதலிய நகரங்களிற் பயின்று, 1709-இல் குருப்பட்டம் பெற்றார்.

இரவென்னாவைப்பற்றி ஒரு சொல். அந்நகரின் தொன்மையான கோவிற் சுவர்களில் கிறித்து ஆண்டு ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த மணிக்கல் ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் தேவமாதா அரியணையில் அமர்ந்திருக்கின்றாள். கருஞ்செந்நிற ஆடை உடுத்து, பைசாந்தியப் பேரரசின் அரசமாதேவியர்போலக் காட்சியளிக்கின்றாள். நசரேத்தூர்த் தச்சர் மனையாள் அத்தகைய ஆடையை ஒருநாளும் உடுத்திருக்கமாட்டாள். ஆயினும் அந்நகர மக்கள் தாம் அறிந்த பெருமையையெல்லாம் அவள்மேற் சார்த்தினர். அங்கே மாணவராயிருந்த பெஸ்கி இவ்வோவியங்களைக் கண்டிருப்பார் என்று கொள்வது தவறாகாது. பின்னாளில் அவர் தமிழ்நாட்டிற் செய்ததற்கும் இதற்கும் தொடர்புண்டென்று சாதிக்க எம்மிடம் சான்றில்லை. என்றாலும் எண்ணிப் பார்க்க இனிதாயிருக்கின்றது.

1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியான அருளானந்தரின் புகழ் அந்நாளில் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. அதனாற் கவரப்பெற்ற இளங்குருக்களுள் பெஸ்கியும் ஒருவர். லிஸ்பன் துறையிற் கப்பலேறி 1710-இல் கோவாவை அடைந்து, மறு ஆண்டில் மதுரை மிஷன் எல்லையுட் புகுந்தார். கான்ஸ்டன்சோ என்னும் பெயரின் பொருளைத் தழுவித் தைரியநாதர் என்று பெயர் பூண்டார். வீரமாமுனிவர் என்னும் பெயர் பின்னர்ப் புலவர் தந்தது.

அவர் வந்த காலம் அமைதியான காலமன்று. 1606-இல் மதுரை புகுந்த தத்துவபோதகர் எனும் நொபிலி அடிகள், காவியுடுத்துப் புலாலுண்ணாமை மேற்கொண்டு, இந்நாட்டுத் துறவியர்போல வாழும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அவ்வழக்கம் சரியோ தவறோ என்னும் பூசல் நூறாண்டாகியும் ஓயவில்லை. உரோமையினின்று அனுப்பப்பெற்ற தூர்னோன் என்னும் பெரியவர் 1703-இல் புதுச்சேரியில் இறங்கி, 1704-இல் 16 விதிகள் கொண்ட ஓர் ஆணை பிறப்பித்தார். மங்கல நாணின் உருவம், திருநீறு, பூப்புச் சடங்கு, எளியவர் குடிசைக்குக் குரு செல்லுதல் ஆகியவை அதில் ஆராயப்பெற்றன; பல வழக்கங்கள் தடுக்கப்பெற்றன. இவ்வாணைமேல் மேன்முறையீடுகள் தொடர்ந்து நிகழ்ந்து, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் முடிவுரைத்த பின்னரே வழக்கு ஒருவாறு நின்றது. வீரமாமுனிவரின் தமிழ்நாட்டு வாழ்க்கை பெரும்பாலும் இவ்விரண்டு ஆண்டுகளின் இடையிலேயே அடங்குகின்றது. தமிழாடை என்பது அவருக்கு அழகுபற்றிய செய்தி மட்டும் அன்று. ஒரு நெற்றிப்பொட்டும் ஒரு தாலியும் உரோமை வரை சென்று வழக்காடப்பெற்ற காலத்திலே, தேவமாதாவின் சுரூபத்திற்கு எவ்வாடை உடுத்துவது என்பதும் எளிதிற் செய்துவிடக்கூடிய செயலாயிராது.

அந்நாளைய உள்நாட்டுக் கோவில்கள் எத்தகையன என்பதையும் சிறிது அறிதல் நலம். மண்சுவர் எழுப்பி, மூங்கில் பரப்பி, ஓலையோ வைக்கோலோ வேய்ந்த கொட்டகைகளே மிகப்பல. கற்கோவில் கட்டப் பணமில்லை. இருந்தாலும் கட்டத் துணிவில்லை. ஒரு பாளையக்காரர் இடமளிப்பார். அவர் மகன் காலத்தில் அது கொளுத்தப்படும். கரியான கூரையை அகற்றி மறுபடியும் ஓலை வேய்வது குருமார் வாழ்க்கையில் ஆண்டுக்கொரு வேலைபோலாயிற்று. திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவிலுள்ள ஆவூரில் பூஷே அடிகள் 1697-இல் அமைத்த கோவிலும் பின்னர் அழிவுற்று, 1747-இல் மீண்டும் எழுப்பப்பெற்றது. பளிங்கு விதானத்தின் கீழ்ப் பூசை கண்டு வளர்ந்த பெஸ்கி, ஓலைக்கூரையின் கீழ்ப் பூசை செய்யப் பழகினார்.

வந்த சில ஆண்டுகளுக்குள் சிறையும் கண்டார். திருநெல்வேலிச் சீமையில் குருக்கள்பட்டி என்னும் ஊரில் பகைவர் அவரைப் பிடித்துக் கொலைக்குத் தீர்ப்பளித்தனர் என்றும், இறுதி வேளையிலே விடுதலை பெற்றார் என்றும் அவர் வரலாறெழுதியோர் கூறுவர். இதனை விரிக்காமல் மேற்செல்கின்றோம்.

முக்கொம்பிலே காவிரியினின்று பிரியும் கொள்ளிடம் திருவரங்கத்தின் வடமதிலுக்கு அப்பால் ஓடிக் கிழக்கே செல்கின்றது. அதன் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. வீரமாமுனிவர் நெடுங்காலம் தங்கிய ஊர் இதுவே. அக்காலத்தில் கொள்ளிடம் வெறும் ஆறன்று, அரசெல்லையும் ஆகும். தென்கரை தஞ்சை மராட்டிய மன்னர்க்குரியது. வடகரை அரியலூர் மழவராயர் ஆட்சியிலிருந்தது. தஞ்சையிலே சாகசி மன்னர் காலத்தில் 1701-இல் கிறித்தவர்மேற் பெருந்துன்பம் விளைந்தபோது, அஞ்சி ஓடினார்க்கு ஆற்றைக் கடத்தலே உய்யும் வழியாயிற்று. அவ்வூரில் கோவிலெடுத்த முனிவர் தேவமாதாவுக்கு அடைக்கல மாதா என்று பெயரிட்டார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அடைக்கலம், காவல் என்னும் இச்சொற்களைப் பாட்டிற்கு அழகாக அமைந்தவை என்றே யாம் முன்பு எண்ணியிருந்தோம். ஆற்றின் இருகரை வரலாற்றையும் அறிந்தபின்னரே, நனைந்த துணியோடு கரையேறியவர்க்கு அச்சொற்கள் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பது எமக்கு விளங்கிற்று.

மழவராயர் ஒருவர்க்கு இராசபிளவை என்னும் கொடிய கட்டி வந்து மருத்துவர் கைவிட்டபோது, முனிவர் பச்சிலை மருந்தாலும் வேண்டுதலாலும் அதனை ஆற்றினார் என்றும், அதற்கு நன்றியாகக் கோவிலுக்கு நிலம் விடப்பட்டது என்றும் அப்பக்கத்து மக்கள் இன்றும் சொல்வர். மருத்துவமும் முனிவர் பயின்ற துறைகளுள் ஒன்றாதலின், இதனை முற்றும் கட்டுக்கதையென்று தள்ளவேண்டுவதில்லை. இக்கோவிலின் தலைவிமேல் அவர் பாடிய திருக்காவலூர்க் கலம்பகம் முதலிய நூல்களை எம் வகுப்பினர் அறிவர். கோவிலெடுத்தவரே அக்கோவிலுக்குக் கலம்பகமும் பாடுவது தமிழ்நாட்டிலும் அரிதாக நிகழ்வது.

இனி, கோணான்குப்பத்திற்கு வருவோம். இவ்வூர் விருத்தாசலத்தின் அருகே, முகாசாபரூரை அடுத்துள்ளது. இங்குள்ள கோவிலின் தோற்றம்பற்றி ஊரார் கூறும் வரலாறு இது: வழிச்சென்ற முனிவர் கையிலிருந்த மாதா சுரூபம் ஒன்று மாடு மேய்க்கும் சிறுவரால் மறைத்துவைக்கப்பட, பின்னர்ப் பாளையக்காரராகிய கச்சிராயர் அதனைக் கண்டெடுத்தார், மகப்பேறின்றி வருந்திய அவருக்கு அவ்வன்னை அருளினாள், அவ்விடத்திலே கோவில் எழுந்தது. இவ்வாறு கண்டெடுத்த தெய்வ உருவங்களின் வரலாறு தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது; காட்டிற் பசு பால் சொரிந்த இடத்தில் இலிங்கம் கண்ட ஊர்கள் எத்தனையோ. கதையின் வடிவமே இங்குத் தமிழாடை உடுத்துக்கொண்டது என்னலாம்.

அதன்பின் நிகழ்ந்ததே எம் கருத்தைக் கவர்ந்தது. கோவிலில் நிலைபெற வேண்டிய சுரூபத்தை ஐரோப்பாவினின்று வந்த உருவமாகவே வைத்துவிட முனிவர் இசையவில்லை. தமிழ்ப் பெண்ணின் உடையும் அணியும் கொண்டு, கையிலே குழந்தை சேசுவை ஏந்தியவளாகத் தேவமாதாவை ஓவியமாக அமைப்பித்து, அதனை மயிலை மேற்றிராணியாரிடம் சேர்ப்பித்தார் என்றும், அங்கிருந்து மணிலா நகருக்கு அனுப்பப்பெற்று, அவ்வோவியத்தின்படி சுரூபம் செதுக்கப்பெற்று வந்தது என்றும் மரபு கூறுகின்றது. மணிலாவில் அக்காலத்துச் சீனக் கைவினைஞர் மரத்திலும் தந்தத்திலும் திருவுருவங்கள் செதுக்குவதிற் பேர்பெற்றவர். அவர் கைத்திறன் கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றது. ஆகவே இம்மரபு நம்பத்தகாதது அன்று. இத்தாலியர் ஒருவர் எண்ணத்தில் உதித்து, கீழ்க்கடற் பட்டினத்தில் உருப்பெற்று, மரக்கலத்தில் வந்து, நடுநாட்டுச் சிற்றூரில் நிலைபெற்றது தமிழ்க்கோலம்!

அவர் அச்சுரூபத்திற்கு இட்ட பெயர் பெரியநாயகி. இப்பெயர் தஞ்சைப் பெருவுடையார் கோவில் அம்மைக்கு உரியது. அருகிலுள்ள விருத்தாசலத்து அம்மைக்கும் உரியது. அவ்வட்டாரத்து மக்களின் காதிற்கு நெடுநாட் பழகிய பெயரை முனிவர் அறியாமல் எடுத்தாளவில்லை. இதனை அயலார் சொத்தைக் கவர்ந்ததென்று கடிந்துரைப்பாரும் உளர். அவர் கூற்றையும் யாம் எளிதில் ஒதுக்கோம். ஆயினும் அக்காலத்து உழவன் ஒருவன் தன் தாய்க்கும் தெய்வத்திற்கும் வேறு எச்சொல்லைப் பயன்படுத்துவான்? மொழியிற் புகுந்தவர் அம்மொழியின் உயர்ந்த சொற்களிலேதான் வணங்க முடியும்.

உருவத்திற்குச் செய்ததையே அவர் காப்பியத்திற்கும் செய்தார். 1726-இல் முற்றுப்பெற்ற தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. சூசையப்பரைத் தலைவராக உடையது. அதனைக் கோணான்குப்பத்தில் இருந்தே பாடினார் என்பது அவ்வூரார் கொள்கை. நூலின் தொடக்கத்தில் நாட்டுப் படலமும் நகரப் படலமும் உள்ளன. மழையரிதான யூதேயா நாட்டிலே நெல்வயலும் கரும்புச் சோலையும் தாமரைக் குளமும் செழிக்கின்றன! இதனைப் பிழையென்று நகைப்பவர், திருவரங்கத்துக் கோவிலில் அரங்கேறியதாகச் சொல்லப்பெறும் கம்பர் காவியத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கே கோசல நாடும் காவிரிநாடாகவே காட்சியளிக்கின்றது. முனிவர் கம்பரைக் கற்றவர். திருவரங்கத்தின் கீழ்ப்பால் அதே கொள்ளிடத்தின் நீர் பருகி வாழ்ந்தவர். சூசையென்னும் எபிரேயப் பெயரின் பொருளை ஆராய்ந்து வளன் என்றும், யோவான் என்பதைக் கருணையன் என்றும் மொழிந்தார். ஓசையை மட்டும் பெயர்த்துவைக்காமல் பொருளைப் பெயர்த்தார். சுரூபத்திலும் அவர் செய்தது அதுவே. ஐரோப்பியச் சிற்பி தேவமாதாவின் தலையில் முக்காடிட்டது அடக்கமும் பெருமையும் காட்டுதற்காக. அவற்றைத் தமிழ்நாட்டிற் காட்டும் உடை யாது என்று ஆராய்ந்து அவ்வுடையை உடுத்தினார்.

இவ்வாறு செய்தற்கு அவர் எத்துணை ஆண்டு கற்றார் என்பதை மறத்தலாகாது. சுப்பிரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழாசிரியர் என்பர். 1727-இல் வேதியர் ஒழுக்கம், 1730-இல் ஐந்திலக்கணமும் அடங்கிய தொன்னூல் விளக்கம், 1732-இல் சதுரகராதி. இடையே திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் இலத்தீன் மொழிபெயர்ப்பு. நாள்தோறும் நாம் எழுதும் எழுத்திலும் அவர் கை பதிந்துள்ளது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் புள்ளியின் துணையாலேயே வேறுபட்டு, ஓலையிற் புள்ளி விடுபடும்போது மயங்கிக் கிடந்த நிலையில், நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்தவர் அவர். கண்ணுக்குத் தோன்றும் வடிவம் கருத்தை மாற்றவல்லது என்பதை ஒரு கொம்பின் சுழியளவிலும் உணர்ந்தவர், சுரூபத்தின் உடையளவில் உணராதிருப்பாரோ? அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சகத்தில் என்பதும் சுவையான செய்தி. அம்மிஷனாரை மறுத்து நூல்கள் எழுதியவர் அவர். அவர் நூலை அச்சிட்டவரோ அவர்களே. புலமைக்கு இருதிறத்தாரும் தலைவணங்கினர்.

முனிவரின் சொந்த உடை குறித்துப் பேசாமல் இவ்வரலாறு நிறைவுறாது. சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்த முத்துச்சாமிப் பிள்ளை அவர் நூல்களைத் தேடித் திரட்டி, 1822-இல் அவர் சரித்திரத்தை எழுதினார். அதிலே முனிவர் காவியங்கியும் காதில் முத்துக் கடுக்கனும் நெற்றியிற் சந்தனமும் உடையவராய், பல்லக்கிற் புலித்தோல்மேல் அமர்ந்து செல்பவராய்த் தோன்றுகின்றார். திருச்சிராப்பள்ளி இவ்விடத்திலேதான் அவர் வாழ்க்கையிற் பெரிதாகக் குறுக்கிடுகின்றது. 1736-இல் இந்நகரைக் கைக்கொண்ட சந்தா சாகிபு அவரைச் சிறப்பித்து, இஸ்மத் சன்னியாசி என்று பட்டம் நல்கி, திவான் பதவியும் ஊர்களும் கொடுத்தார் என்கிறது அச்சரித்திரம். முனிவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்று நவாபைக் கண்டார் என்பர். திவான் பதவி பற்றிய செய்தியைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். யாமும் அதனை நம்பத் தயங்குகின்றோம். ஆயினும் ஆள்வோர் தயவின்றி ஓலைக் கொட்டகையும் நிற்காத காலம் அது என்பதை எண்ணின், கோவில்களின் காவலுக்காக அவர் நவாபின் வாயிலில் நின்றிருப்பார் என்பது மட்டும் இயல்பாகத் தோன்றுகின்றது.

அக்காவலும் நிலைக்கவில்லை. 1741-இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைகொண்டு சென்றனர். மீண்டுவந்த அவர், 1752-இல் பிரெஞ்சுப் படையோடு திருவரங்கத்தில் முற்றுகையுட் சிக்கி, சரணடைந்து, தலையிழந்தார். திருவரங்கத்தின் மதில்கள் அவ்வாண்டு பீரங்கி முழக்கம் கேட்டன. அதற்கு முன்னமே முனிவர் தென்னாடு சென்று, பின்னர் மலையாள நாட்டு அம்பலக்காட்டை அடைந்து, 1747 பிப்ரவரி 4-ஆம் நாள், தம்மை இந்நாட்டுக்கு ஈர்த்த அருளானந்தர் உயிர்கொடுத்த அதே நாளில், இறைவனடி சேர்ந்தார். மணப்பாட்டில் மறைந்தார் என்று பழைய சரித்திரங்கள் கூறியது பிற்காலத்தில் திருத்தப்பெற்றது. அம்பலக்காடும் தமிழோடு தொடர்பற்ற ஊரன்று. அந்தேம் தெ புரொயென்சா அடிகளின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679-இல் அச்சானது அங்கேதான்.

அவரைப் புகழ்ந்தே பேசி முடிப்பது மாணவர்க்கு அழகன்று, குறையொன்றும் கூறவேண்டும். மதுரை மிஷன் குருமார் பிராமண சந்நியாசிகள் என்றும் பண்டார சுவாமிகள் என்றும் இருவகுப்பினராய்ப் பிரிந்து, சாதிக்கேற்பத் தொண்டாற்றினர். தமிழ்நாட்டுக் கோலத்தை மேற்கொள்கையில் தமிழ்நாட்டுக் குற்றமும் உடன் புகுந்தது. கோவிலுக்குள்ளே வேலியும் தனி வாயிலும் வைத்து மக்களைப் பிரித்த கொடுமை இந்நாட்டுக் கத்தோலிக்க வரலாற்றில் நெடுங்காலம் நீடித்தது. பெரியநாயகியின் உடையும் அரசியின் உடையே; களைபறிக்கும் பெண்ணின் உடையன்று. இதனை எம்முள் ஒருவர் சுட்டிக்காட்டியபோது எமக்கு உடனே விடை தோன்றவில்லை; இன்றும் முழுவிடை தோன்றவில்லை.

1773-இல் சேசு சபை கலைக்கப்பெற்றது. முனிவர் வழியும் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டுவந்த குருமார் பெரும்பாலும் பிரெஞ்சு நாட்டவர். அவர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. அதன் அருகிலே லூர்து அன்னை கோவிலும் எழுந்தது. தாய்நாட்டைப் பிரிந்தார்க்கு அந்நாட்டுக் கோவிலின் சாயல் ஆறுதல் அளித்திருக்கும் என்பதை யாம் உணர்கின்றோம். சுண்ணாம்பு குழைத்தவரும் கல் சுமந்தவரும் நம்மவரே. காலை வெயில் அந்நிறக்கண்ணாடிகளின் வழியாகத் தரையிற் சிந்தும்போது அது அயல்நாட்டு ஒளியென்று எவர்க்கும் தோன்றாது. ஆனால் அக்கோவிலை அமைத்தோர் முனிவர் கேட்ட கேள்வியைக் கேட்கவில்லை.

அக்கேள்வி மறுபடியும் கேட்கப்பெற்றது காவிரிக்கரையில். 1939-இல் திருச்சிராப்பள்ளி மேற்றிராசனத்திற்கு வந்து, குளித்தலைப் பக்கத்துச் சிற்றூர்களிற் பங்குக் குருவாக உழைத்த மொன்ஷானின் அடிகளும், பின்னர் அவரோடு சேர்ந்த லெ சோ அடிகளும், 1950-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள் தண்ணீர்ப்பள்ளியிற் சாந்திவனம் என்னும் ஆசிரமத்தைத் தொடங்கினர். அங்குள்ள கோவில் கருவறையும் விமானமும் கொண்டு தமிழ்க் கோவிலின் அமைப்பைத் தழுவியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, எந்நாட்டுக் கலைக்கும் திருவழிபாட்டில் இடமுண்டென்று இசைந்தது. 1704-இல் தடுக்கப்பெற்றவற்றுட் சில, 259 ஆண்டுகளுக்குப் பின் வரவேற்கப்பெற்றன. சாந்திவனக் கோவிலைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். இது கிறித்தவக் கோவில்தானா என்று கேட்டு அஞ்சிய கத்தோலிக்க மக்களும் பலர். லூர்து அன்னையின் கூர்முகட்டைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு விமானம் அயலாகிவிட்டது! எங்கள் விடுதி வழக்கில் இருதிறத்தார்க்கும் இதில் வெற்றியில்லை.

சென்ற கோடை விடுமுறையில் யாம் நண்பர் இருவருடன் கோணான்குப்பம் சென்றோம். நண்பகல், கோவிலிற் கூட்டமில்லை. பெரியநாயகி மாதாவின் முன் ஒரு முதியவள், காலணி கழற்றி, முந்தானையைத் தலைக்கிட்டு, முழந்தாளிலிருந்து எதையோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வெளியே வரும் வரை காத்திருந்து, இச்சுரூபம் எங்கே செய்தது பாட்டி, தெரியுமா என்று வினவினோம். மணிலாவும் இத்தாலியும் எம் நாவின் நுனியில் இருந்தன. அவள் எம்மை ஏற இறங்கப் பார்த்தாள். செய்தார்களா, யார் செய்தார்கள், ஆத்தா இந்தக் காட்டிலேதான் கிடைத்தாள், மாடு மேய்த்த பிள்ளைகள் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு, படித்த பிள்ளைகளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோலத் தலையை அசைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். யாம் சிறிது நேரம் அங்கேயே நின்றிருந்து, பின்னர் விருத்தாசலம் செல்லும் பேருந்தைப் பிடிக்க விரைந்தோம்.